மிஸ்ஸி வேலைக்குப் பிள்ளையை அனுப்புவதா என்று கேட்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டில் உயர்தரம் முடித்த பிள்ளை இருந்தால் அதற்கும் காட்டுங்கள்.

பெறுபேறு வந்த கிழமையிலிருந்து பெற்றோர் எங்களிடம் இரண்டே கேள்விகளோடு வருகிறார்கள். "டீச்சர், மகளை நேர்ஸிங்குக்குப் போடலாமா?" என்று சிலர். "கெயார்கிவர் கோர்ஸ் ஒண்டு செய்தா ஜப்பான் போகலாமாம், உண்மையா?" என்று சிலர். அரச தாதியர் கல்லூரி என்றால் மூன்று வருடம், உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்திருக்க வேண்டும். பராமரிப்பாளர் கற்கை என்றால் சில மாதம், என்.வி.கியூ. சான்றிதழ். இதெல்லாம் அன்புவழிபுரத்திலும் பாலையூற்றிலும் ஜமாலியாவிலும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சம்பளம் தெரிகிறது, விசா தெரிகிறது, ராவு டியூட்டி இருப்பது மிக நன்றாகவே தெரிகிறது. பிள்ளை அங்கே போய் என்ன படிக்கும் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறோம். படிப்பிக்கிறவர்களுக்குள்ள பழைய வியாதி அது.

முதல் பாடங்களில் ஒன்று, எழும்ப முடியாத ஒருவரைக் கட்டிலிலேயே வைத்துக் கழுவித் துடைப்பது. இதென்ன பெரிய படிப்பு, நாங்கள் மூத்தம்மாவுக்குச் செய்யாததா என்று தோன்றும். தண்ணீரின் சூட்டைத் தன் கையில் பார்ப்பதிலிருந்து பாடம் தொடங்குகிறது. யன்னலைச் சாத்த வேண்டும், திரையை இழுக்க வேண்டும். உடம்பை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. ஒரு கையைத் திறந்து, கழுவி, ஒற்றி, மூடிவிட்டுத்தான் மற்றக் கைக்குப் போக வேண்டும். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு மூலை. மறைவிடம் கடைசியில், பெண் என்றால் முன்னிருந்து பின்னாக, சிறுநீர்ப் பாதைக்குக் கிருமி போகாதபடி. அவரால் தானே கழுவ முடிகிற இடத்துக்கு அவர் கையிலேயே துணியைக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவுக்கும் முன்னால் என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் பதில் பேச முடியாமல் கிடந்தாலும்.

ஔரத்தை மறைப்பது மார்க்கக் கடமை என்று பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே காரியத்துக்கு நேர்ஸிங் செயன்முறைப் பரீட்சையில் புள்ளி போடுகிறார்கள் என்பது எங்களுக்குப் புதினமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்தது புரட்டிப் படுக்க வைப்பது. படுக்கையில் விழுந்தவரை வழமையாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது பக்கம் மாற்ற வேண்டும். குதிக்கால், நாரியின் கீழ் எலும்பு, இடுப்பு, முழங்கை, பிடரி, இந்த இடங்களைப் பார்க்க வேண்டும். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார், வெளுக்காவிட்டால் புண் தொடங்குகிறது என்று பழைய பாடப் புத்தகம் சொல்லும். யாருடைய தோலில் சிவப்புத் தெரியும்? வெள்ளைத் தோலில் தெரியும். எங்கள் கறுத்த தோலில் அது மட்டமாகத்தான் தெரியும், பல வேளை தெரியவே தெரியாது. ஆகவே எங்களுடைய நோயாளிக்குக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கிறதா, பக்கத்துத் தோலைவிட இறுகியிருக்கிறதா, இன்னும் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொரோனாக் காலத்தில் எல்லாரும் விரலில் மாட்டிப் பார்த்த ஒக்சிசன் மானியும் கறுத்த தோலில் சில வேளை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஆள் யார் என்று பார்க்காமல் அடிப்படைத் திறனைக்கூடச் சரியாகச் செய்ய முடியாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். "முதலில் வேலையைப் பழகட்டும், பண்பாடு கிண்பாடெல்லாம் பிறகு" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நோவைப் பற்றிச் சொல்வதென்றால் தனிப் பதிவே போடலாம். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை நோகுது என்று கேட்கச் சொல்லிப் படிப்பிக்கிறார்கள். எங்கள் ஊர் மூத்தம்மா எட்டு என்றா சொல்லப் போகிறா? "உளையுது மகள்" என்பா. "கடுக்குது" என்பா. குத்துது, எரியுது, இழுக்குது, விறைக்குது, கிறுதியா வருது என்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் வேறு வேறு வருத்தம் இருக்கலாம். "சத்தி எடுத்தவ" என்றால் வாந்தி எடுத்தா என்று நமக்குத் தெரியும், தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஒரு தாதிக்கே அது விளங்காது. "வயித்தால போகுது", "சலம் கடுக்குது" என்பதையெல்லாம் தெற்கிலிருந்து முதல் நியமனத்தில் வந்து இறங்குகிற இருபத்து நாலு வயதுச் சிங்களப் பிள்ளை எப்படிப் பிடிக்கும்? 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. அது சட்டத்தில். வார்ட்டில், நெஞ்சு எரிகிறதா நெஞ்சு இறுக்குகிறதா என்பதை மகனோ பேரனோ பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. பெண் நோயாளிக்கு மகன் மூலம் சொல்ல முடியாத வருத்தங்கள் இருக்கின்றன. அவ அதைச் சொல்லாமலே துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவா.

இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாமல் வந்து, ஒரு வருடத்தில் "அம்மா கொஞ்சம் திரும்புங்கோ", "வாப்பா மருந்து குடிச்சாச்சா" என்று பழகிக்கொண்ட சிங்கள மிஸ்ஸிமாரை நாங்கள் கண்டிருக்கிறோம். தமிழ் தாய்மொழியாக இருந்தும் கிராமத்திலிருந்து வந்த ஒரு தாயை "உனக்கு எத்தனை தரம் சொல்றது" என்று எல்லாருக்கும் முன்னால் ஏசிய ஆட்களையும் கண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், "நம்ம ஆக்கள் நாலு பேர் ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தாச் சரி" என்ற எண்ணம் நம் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. அது போதாது என்பதை உலகத்துக்குச் சொன்னது நியூசிலாந்தின் மாவோரித் தாதியர். 1988இல் அங்கே தாதியர் கல்வி பற்றிய ஒரு கூட்டத்தில் முதலாம் வருட மாவோரி மாணவி ஒருத்தி எழும்பி, சட்டப் பாதுகாப்பு, தொழிற் பாதுகாப்பு என்று ஏதேதோ பாதுகாப்பு எல்லாம் பேசுகிறீர்கள், பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டாள். அந்தச் சொல்லைப் பிடித்து வளர்த்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரித் தாதி. 1992இல் அந்த நாட்டுத் தாதியர் சபை அதைக் கட்டாய பாடமாக்கியது. உடனே கூச்சல். பத்திரிகைகள் கிழித்தன, பாராளுமன்றக் குழு விசாரித்தது. பிள்ளைகள் ஊசி போடப் பழகாமல் அரசியல் படிக்கிறார்கள் என்றார்கள். ராம்ஸ்டென் 2003இல் காலமாகிவிட்டார், பாடம் இன்றும் இருக்கிறது.

அவர் சொன்னதில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது இது. முஸ்லிம் நோயாளி என்றால் இன்னது செய், இந்து நோயாளி என்றால் இன்னது செய் என்று பட்டியல் பாடமாக்குவதை அவர் கேட்கவில்லை. தாதியின் கையில் அதிகாரம் இருக்கிறது, படுத்திருப்பவரின் கையில் இல்லை, அதைத் தாதி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் கவனிக்கப்பட்டவர். வயது, ஏழ்மை, ஆண் பெண், படிப்பு எல்லாமே அவருடைய கணக்கில் பண்பாட்டுக்குள் வரும். வெருகல், மூதூர் கரையோர வேடர் குடும்பத்துத் தாய் ஒருத்தி கிளினிக் வாங்கிலில் ஒதுங்கி இருப்பதை நினைத்துப் பாருங்கள். அவவோடு தமிழில் பேசுகிற மிஸ்ஸிமார் உண்டு. ஆனாலும் அவ பயப்படுகிறா.

பட்டியல் ஏன் உதவாது என்பதற்கு நம் வீடுகளே சாட்சி. எல்லா முஸ்லிமும் ஒரே மாதிரியா? ஒரு மூத்தவாப்பா சேலைன் ஏறுகிற கையோடு தயம்மும் செய்து படுத்தபடியே தொழ வேண்டும் என்பார், கட்டிலைக் கிப்லாப் பக்கம் கொஞ்சம் திருப்பித் தரச் சொல்வார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சுகமானதும் கழாச் செய்யலாம் என்று நித்திரை கொள்வார். ஒரு இந்துத் தாய்க்குத் தாலியைக் கழற்றினால் உயிரே போன மாதிரி. இன்னொருத்தி ஈ.சீ.ஜீ. எடுக்க முன்னால் தானே கழற்றி மகளிடம் கொடுத்துவிடுவா. கையில் கட்டிய காப்பு நூலையும் பிரித் நூலையும் கத்தரிக்கோலால் வெட்டுகிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்பதற்கு முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது.

சீனி வருத்தமுள்ளவர்கள் நோன்பு பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. இருந்தாலும் எங்கள் உம்மாமார் விடமாட்டார்கள். "நோன்பு பிடிக்கக் கூடாது" என்று கிளினிக்கில் ஏசினால் "சரி மிஸ்ஸி" என்று தலையாட்டிவிட்டு வந்து பிடிப்பார்கள், காலைக் குளிசையைத் தாங்களே நிறுத்துவார்கள். இதே ஷஃபான் மாதத்திலேயே "நோன்பு வருது, பிடிக்க யோசிச்சிருக்கிறீங்களா?" என்று ஒரு மிஸ்ஸி கேட்டால், குளிசை நேரத்தை டொக்டரோடு பேசி மாற்றலாம். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று சொல்லலாம். சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அந்த இடத்திலேயே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்கலாம். மருத்துவம் ஒன்றுதான், கேள்விதான் வேறு.

இறுதி நேரமும் அப்படித்தான். மூச்சு இழுக்கிறவரின் வாயில் ஸம்ஸம் தண்ணீர் விட வேண்டும் என்று நிற்பார்கள். பக்கத்தில் இந்துக் குடும்பம் என்றால் தீர்த்தமோ பாலோ. மல்லாக்கப் படுத்திருப்பவரின் வாயில் ஊற்றினால் அது நெஞ்சுக்குள்தான் போகும், விழுங்கும் சக்தி இல்லாதவருக்கு அதுவே ஆபத்து. "ஊத்தாதீங்க, வெளிய போங்க" என்று கத்துவது ஒரு முறை. பஞ்சை அதே தண்ணீரில் நனைத்து மகளின் கையில் கொடுத்து, "உதட்டை மட்டும் நனைச்சு விடுங்க" என்பது இன்னொரு முறை. இரண்டாவதைச் செய்கிறவளுக்கு விழுங்குதல் எப்படி நடக்கிறது என்ற அறிவும் வேண்டும், அந்த மகளின் மனமும் தெரிய வேண்டும். இந்த ஒரு காரியத்துக்காகவே நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இதெல்லாம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டுக்குத் தெரியும். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது, கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. டிசம்பரில் 20 நாள் குழந்தை ஒன்றைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் பொரளையில் எரித்தார்கள். மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் கடைசியாக விட்டுக்கொடுத்தார்கள், மார்ச்சிலிருந்து ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. அங்கே முஸ்லிம்கள் மட்டும் இல்லை, இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அடங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அந்தப் பத்து மாதத்தில் எங்கள் தெருக்களில் என்ன பேசிக்கொண்டோம்? காய்ச்சல் வந்தால் சொல்லாதே, மூச்சு முட்டினாலும் பொறு, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஜனாஸா திரும்பி வராது. சட்டம் போட்டவர்களை யாரும் நேரில் காணவில்லை. வார்ட்டில் நின்ற மிஸ்ஸியைத்தான் கண்டார்கள், கோபமும் பயமும் அவள் பக்கம் திரும்பியது. நம்பிக்கை உடைந்தால் மனிதன் மருந்துக்கே போகமாட்டான் என்பதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, மகளை அனுப்புவதா என்ற கேள்விக்கு வருவோம். பெண்பிள்ளை ஆண் நோயாளியைத் தொடுவதா, ராவில் வெளியே நிற்பதா என்று வாப்பாமார் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே இருந்தது, அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்கள் அங்கேதான் கவனிக்கப்பட்டார்கள் என்பதை ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு வந்து, பிரசவ அறையில் மட்டும் "பெண் டொக்டர் இல்லையா, பெண் நேர்ஸ் இல்லையா" என்று தேடுகிறோம். எங்கிருந்து வருவார்கள்? அடுத்தவன் வீட்டுப் பிள்ளை ராவு டியூட்டி செய்ய வேண்டும், எங்கள் பிள்ளை செய்யக் கூடாது என்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. போக்குவரத்து, விடுதி, பாதுகாப்பு பற்றிக் கேளுங்கள், நிர்வாகத்திடம் சேர்ந்தே கேட்போம். கதவைச் சாத்தாதீர்கள்.

உடுப்புப் பற்றியும் ஒரு தகவல். இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் கிருமி பரவாதிருக்க முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்ற விதி வந்தபோது முஸ்லிம் தாதியர் சிக்கலை எடுத்துச் சொன்னார்கள். 2010இல் ஒருதரம் பாவித்து எறிகிற கைச்சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். கிருமிக்கும் பதில், ஈமானுக்கும் பதில். கையில் பூசுகிற அல்ககோல் பற்றியும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2009இல் கை சுத்த வழிகாட்டி எழுதியபோது மதங்களின் நிலைப்பாட்டுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியது, மருந்துத் தேவைக்கு அது தடையில்லை என்பதையும் எழுதியது. உட்கார்ந்து பேசினால் வழி வருகிறது. நாம் உள்ளே இருந்தால்தான் பேசலாம்.

ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆண் வார்ட்டில் ஒரு வயதான வாப்பாவுக்குச் சலக் குழாய் போடும்போது அவர் படுகிற கூச்சம் கொஞ்சமல்ல. நம் பொடியன்மார் இது பெண்கள் வேலை என்கிறார்கள். ஜப்பானில் என்றால் செய்வார்களாம்!

வெளிநாடு போகிறவர்களைப் பழிக்கவில்லை. குடும்பக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே போய் இன்னொருவரின் தாயை அவருடைய மொழியில் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுகிற பிள்ளை, அதை முதலில் இங்கே பழகிக்கொண்டு போகட்டும். கேட் கிரேஞ்சர் என்ற இங்கிலாந்து டொக்டர் புற்றுநோயோடு தானே படுக்கையில் கிடந்தபோது, தன்னைக் கவனிக்க வந்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவலைப்பட்டு 2013இல் ஒரு இயக்கமே தொடங்கினார். கேட்டது, என் பெயர் இன்னது என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். 2016இல் அவர் இறந்துவிட்டார். நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளி இன்னும் "பன்னிரண்டாம் கட்டில்" ஆகத்தான் இருக்கிறார்.

நம் மொழியில் இதைப் படிக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு மானிப்பாயை நினைவுபடுத்துகிறோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழுக்கு மாற்றி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்றைக்குச் செய்ததைப் பார்த்தால், நோவுக்கு நம் ஊரிலுள்ள சொற்களைச் சிங்களத்தோடு சேர்த்து ஒரு சின்னக் கொப்பியாகத் தொகுத்து வார்ட்டுகளுக்குக் கொடுப்பது எங்களுக்கு முடியாத காரியமில்லை. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு ஐந்து சொல் கொண்டுவர வேண்டும். அபயபுரத்தில் சிங்களம் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் மறுபக்கத்தை எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். "நாரிப்பிடிப்பு"க்கு இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

கலைப் பிரிவில் படித்த பிள்ளைகள் தாதியர் கல்லூரி இல்லை என்று சோர வேண்டாம். பராமரிப்பாளர் கற்கைக்கு வழி இருக்கிறது. தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ நைட்டாவிலோ நேரில் போய்க் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிற தனியார் இடத்துக்குப் போவதானால், அது பதிவு செய்யப்பட்டதா, உண்மையான நோயாளியிடம் எத்தனை நாள் பயிற்சி என்று கேட்காமல் காசு கட்ட வேண்டாம். நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது வகுப்பறைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற பிறகுதான் புத்தகத்தில் படித்தது விளங்கத் தொடங்கியது. கட்டில் பக்கம் நிற்காமல் பராமரிப்பும் விளங்காது.

படிவம் நிரப்ப உதவி வேண்டியவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வரலாம். பெறுபேற்றுத் தாளும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டு வாருங்கள். வீட்டில் படுக்கையில் ஆள் இருந்தால், புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று காட்டித் தர ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருவரும் வருவா. அதற்குப் பிள்ளைகள் மட்டும் போதாது, பெற்றோரும் வாருங்கள்.